காரீயம் இல்லாத வில்லைகள்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
5-2-2024

மகள் சுகாசினிக்கு அப்பா சாமுவேல் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தையற்கடை அம்சா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கட்டுமா என்று அம்சா கேட்டாள். அது ஊரே எழுதுவது, நீ விஷயத்துக்கு வா என்றேன்.

புனேயிலிருந்து நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. பஞ்சைப் பிரித்துப் பார்த்தால் விரல் நகம் அளவில் வெள்ளைப் பீங்கான் வில்லைகள். நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, இரண்டு முனையிலும் வெள்ளிப் பூச்சு. இதில் ஒரு பொட்டு ஈயம்கூட இல்லை என்று நீ எழுதியதை அம்சா படித்தாள். படித்துவிட்டு அவளே கேட்டாள்: "இன்னா மாமா இது, ஈயச் சொம்புல ரசம் வெச்சாத்தான் வாசனைன்னு சொல்லுவாங்க, உங்க பொண்ணு ஈயமே வாணாம்ன்றா?" நீயே அவளுக்குப் பதில் எழுது.

சாயப் பட்டறையில் தொங்கவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். செய்கிறேன். அதைக்கூடச் செய்யாமல் நான் எதற்கு இருக்கிறேன்? நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான் அந்த அண்டாவுக்குப் பக்கத்தில்தானே நிற்கிறேன். எந்தத் தண்ணீர் எப்போது கொதித்தது, எந்த முகூர்த்தத்துக்கு எந்த நிறம் போட்டோம், எல்லாம் மனசில் இருக்கிறது.

ஒன்று. அடுத்த பெட்டியையும் வீட்டுக்கே அனுப்பு. பட்டறை முகவரி வேண்டாம். அங்கே யாராவது ஈரக் கையோடு வாங்கிவிடுவார்கள்.

போன் பண்ணாதே. நீ பேசுவது எனக்குத் தறி ஓடுகிற மாதிரிதான் கேட்கிறது. அம்சா காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் ஒரு சொல்லும் விடுவதில்லை.

அப்பா


புனே
17-2-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்சா அக்காவுக்கு முதலில் பதில். ரசச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். அது வேறு. நான் வேண்டாம் என்பது காரீயம், பேட்டரிக்குள் இருக்குமே, அது. உடம்புக்குள் போனால் வெளியே வராது. குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல்.

அப்பா, அந்தக் கறுப்புப் பட்டை சூட்டை அறியும். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் மூன்றின் பொடியோடு கண்ணாடிப் பொடியும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்து, சல்லடைத் துணி வழியாகப் பீங்கானில் அச்சடிக்கிறோம். கல்யாணப் பைக்குப் பேர் அச்சடிப்பார்களே, அதே மாதிரி. பிறகு உலையில் சுடுகிறோம். கண்ணாடி உருகிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். பட்டைக்குள் மின்சாரம் போக ஒரு தடை இருக்கிறது. சூடு ஏற ஏற அந்தத் தடை இறங்கும். தடையை அளந்தால் சூடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இதுவரை எல்லோரும் அந்தக் கண்ணாடியில் காரீயம் சேர்த்தார்கள். அது சுலபமாக உருகும், உறுதியாக நிற்கும். நான் அதை எடுத்துவிட்டுப் பிஸ்மத் சேர்த்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையான இடத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி. வாரக்கணக்கில் சூட்டில் கிடந்த பிறகும் தடை பழைய அளவிலேயே இருந்தால் நான் ஜெயித்தேன். மாறிப்போனால் என் நாலு வருஷ வேலைக்குப் பேர் இல்லை.

அதனால் தினமும் கொதிக்கிற அண்டாவில் தொங்கவிடுங்கள். சூடுதான் முக்கியம். அன்றைக்கு என்ன நிறம், என்ன தண்ணீர் என்று அம்சா அக்காவிடம் சொல்லி எழுதி வையுங்கள். அதை அப்படியே என் கட்டுரையில் சேர்ப்பேன்.

கண் எப்படி இருக்கிறது? போன முறை நான் வந்தபோது தூணில் இடித்துக்கொண்டீர்கள்.

சுகாசினி


பிள்ளையார்பாளையம்
21-3-2024

சுகாசினிக்கு,

வில்லைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொங்கவிடக் கட்டிய நூலோடு இருக்கின்றன. அம்சா பழைய சல்லாத் துணியில் பை தைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறாள்.

நீ கேட்ட விவரம். மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் அரக்கு. ஒரு முகூர்த்தச் சேலைக்கு உடலுக்கு மட்டும். பட்டு நூலின் பசை போகச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்த தண்ணீரில் முதலில் தொங்கவிட்டேன், அப்புறம் சாயத்தில். அதற்கடுத்து கிளிப்பச்சை. கிளிப்பச்சை அண்டாவில் கொதி வந்ததும் ஒரு நுரை கட்டும், பார்த்திருக்கிறாய். அதை வழித்துப் போட்டுவிட்டுத்தான் வில்லையை இறக்கினேன். கண்ணாயிரம் கோலைப் போட்டுக் கிண்டிக்கொண்டே கேட்டான்: "இன்னாண்ணே, பொண்ணு பல்லைக் கயட்டி அனுப்பிச்சிக்கினு இருக்குதா, தூண்டிலாட்டம் தொங்கவுட்டுக்கினு நிக்கறே?" எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி திருஞானசம்பந்தம்கூடச் சிரித்தார். அப்புறம் மயில்கழுத்து. மயில்கழுத்துக்கு ஆசிட் கொஞ்சம் தூக்கலாக ஊற்ற வேண்டும், மூக்கு எரியும்.

கண் நன்றாக இருக்கிறது.

மீதியை அம்சா தனித்தாளில் எழுதியிருக்கிறாள். பத்திரமாக வை.

அப்பா

சுகா, நான் அம்சா. கை வலிக்க வலிக்க எழுதிருக்கேன். உங்கப்பா கண்ணை மூடிக்கினு சொல்றார், எனக்கு அந்த அண்டாவே கண்ணு முன்னாடி வந்துடுது. நீ வந்தா எனக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கிக்கினு வா.


புனே
14-4-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அப்பா! அளந்து பார்த்தேன். நம்ப முடியாமல் மறுபடி அளந்தேன். பிறகு வேறு கருவியில் அளந்தேன். தடை மாறவேயில்லை. அனுப்பும்போது எப்படி இருந்ததோ அப்படியே. காரீயம் போட்ட வில்லைகூட இவ்வளவு நன்றாக நின்றதில்லை.

என் வழிகாட்டி பிரேம்நாத் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வரைபடத்தைத் திரும்பப் பார்த்தார். "சோடாவிலும் ஆசிட்டிலும் இப்படியா?" என்றார். ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்கு. என்னையே பேசச் சொல்லிவிட்டார். கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது. நீங்கள் சொன்ன நிறம், தண்ணீர், வரிசை எல்லாம் அட்டவணையாக உள்ளே இருக்கிறது. நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது: திரு. எம். சாமுவேல், காஞ்சிபுரம்.

இப்போது ஒன்றே ஒன்று வேண்டும். அண்டாவில் வில்லை தொங்குகிற மாதிரி ஒரு போட்டோ. உங்களுக்குச் சிரமம் வேண்டாம். முதலாளி மகன் தினகரன் நம்பர் என்னிடம் இருக்கிறது, அவரிடமே கேட்டுவிடுகிறேன்.

இனிப்பு வாங்கி அம்சா அக்காவுக்கும் கொடுங்கள்.

சுகாசினி


பிள்ளையார்பாளையம்
23-4-2024

சுகாசினிக்கு,

தினகரனிடம் கேட்காதே. அவனுக்கு வேலை அதிகம். போட்டோ எதற்கு? அளந்து பார்த்தாயே, அது போதாதா?

கட்டுரையை அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியுமா? கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பலாமே என்று கேட்கிறேன், அவ்வளவுதான். அவசரமாகச் செய்தால் சாயம் கூடத் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

இனிப்பு வாங்கவில்லை.

அப்பா


புனே
10-5-2024

அப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் கேட்டுவிட்டேன்.

தினகரன் அனுப்பிய பதிலை அப்படியே எழுதுகிறேன். அம்சா அக்கா விடாமல் படிக்கட்டும். "சிஸ்டர், உங்க அப்பா பொங்கலுக்கு அப்புறம் பட்டறைக்கு வர்றதில்லையே. நாங்கதான் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். எந்த வில்லையும் எங்க அண்டாவுல போடலை."

நான் ஹைதராபாத் போய்வந்த பிறகுதான் இது வந்தது. மேடையில் நின்று கிளிப்பச்சை என்றும் மயில்கழுத்து என்றும் விளக்கினேன். ஒருவர் எழுந்து, இவ்வளவு விவரமாகக் குறிப்பெடுத்தவர் யார் என்று பாராட்டினார். கை தட்டினார்கள்.

நேற்று மீதமிருந்த வில்லைகளைச் சோடாத் தண்ணீரில் நானே கொதிக்க வைத்தேன். கண்ணாடி கரைகிறது. பட்டை பொடியாக உதிர்கிறது. அப்படியானால் உங்களிடமிருந்து வந்தவை எதில் கொதித்தன? கொதித்தனவா?

சாருக்கு இன்னும் தெரியாது. சொன்னால் என்னை வெளியே அனுப்பலாம். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் இதை நம்பி ஒரு பட்டறையில் மாட்டுவார். சூட்டைத் தப்பாகக் காட்டும், ஒரு அண்டா பட்டு பாழாகும்.

கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதுங்கள். கண்ணாயிரம் சொன்ன ஜோக் எல்லாம் வேண்டாம்.

சுகாசினி


பிள்ளையார்பாளையம்
22-5-2024

சுகாசினிக்கு,

உன் கடிதத்தை அம்சா பாதி படித்ததும் நிறுத்திவிட்டாள். படி என்றேன். படித்து முடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "என் கையாலயே பொய் எழுத வெச்சிட்டியே மாமா" என்றாள். இரண்டு நாள் கடைக்கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்குத்தான் பேனாவை எடுத்தாள். முகம் கொடுக்காமல்தான் எழுதுகிறாள்.

கேட்டதற்குப் பதில்.

கொதித்தன. வீட்டில், சோறு வடிக்கிற பானையில். கேன் தண்ணீர் ஊற்றி, கேஸ் அடுப்பில் தினமும் கொதிக்கவிட்டேன். சோடா இல்லை, சோப்பு இல்லை, ஆசிட் இல்லை. குழாய்த் தண்ணீரில் உப்பு படியும், வில்லை அழுக்காகும் என்று குடிக்கிற தண்ணீராகப் பார்த்து ஊற்றினேன். எடுத்துத் துண்டால் துடைத்துக் காயவைத்தேன். சூடுதான் முக்கியம் என்று நீ எழுதியிருந்தாய். சூட்டைக் கொடுத்துவிட்டேன், மற்றதெல்லாம் பேச்சுதானே என்று நினைத்தேன். சோடா அந்தக் கண்ணாடியைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்கிறேன். அப்போதும் போய் நின்றிருப்பேனா என்று தெரியவில்லை.

நிறங்களை எங்கிருந்து சொன்னேன் என்று கேட்கப்போகிறாய். நினைவிலிருந்து சொன்னேன். அந்த அரக்கு வேறொரு வருஷத்து மாசி. கண்ணாயிரம் அப்படிப் பேசக்கூடியவன்தான், ஆனால் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் எல்லா வருஷமும் ஒன்றாக வந்து நிற்கிறது. அதிலிருந்து ஒன்றொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்றைக்கும் பட்டறையில் நிற்கிற மாதிரி இருந்தது. என்னை நிறுத்திவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

ஏன் நிறுத்தினார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கோர்வைச் சேலைக்கு உடலும் பார்டரும் வேறு வேறு நிறம், தனித்தனி அண்டா. மாம்பழ மஞ்சள் கேட்டு மாதிரி நூல் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பட்டு நூலை எடுத்து உதறினேன். தினகரன் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். அது எலுமிச்சை மஞ்சள். என் கண்ணில் இருக்கிற பழுப்பு இரண்டையும் ஒன்றாகக் காட்டியிருக்கிறது. பெண் வீட்டுக்காரர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. "போதும் சாமுவேலு, கொஞ்ச நாள் வூட்ல இரு" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னாலேயே நடந்து வந்தேன்.

அப்புறம் உன் பெட்டி வந்தது. நூல் நிறம் தெரியாத கிழவனிடம் சூட்டைப் பார்க்கிற வேலையைக் கொடுத்திருக்கிறாள் பெண், எந்த முகத்தோடு முடியாது என்று எழுதுவது?

பிரேம்நாத் சாரிடம் என் மேலேயே போடு. அப்பன் ஏமாற்றிவிட்டான் என்று சொல். அது உண்மைதான்.

சாமுவேல்


புனே
18-6-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சாரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் கையில் இருந்தும் சொல்வதற்கு ஒரு வாரம் ஆனது. ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கட்டுரை எழுதியபோது சார் கேட்டார், "இந்த எம். சாமுவேல் யார்?" அவர் சும்மாத்தான் கேட்டார். "அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவர் சார்" என்றேன். அப்பா என்று சொல்லவில்லை. இங்கே கூடப் படிக்கிறவர்களின் அப்பாக்கள் என்ஜினீயர், பேராசிரியர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று தெரிந்தால் அட்டவணையை நம்ப மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை.

இப்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "அவர் என் அப்பா சார்" என்றதும் அவர் பேனாவை மூடிவைத்தார். நீங்கள் பொய் சொன்னதற்குக்கூட அவர் முகம் அவ்வளவு மாறவில்லை. "கடைசியா எப்போ அவரைப் போய்ப் பார்த்தே?" என்று கேட்டார். போன வருஷம் வந்து நீங்கள் தூணில் இடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடித்தவள் நான். வேலையை விடச் சொல்லவில்லை, கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்கு ஒரு அண்டா தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். கருத்தரங்குக்காரர்களுக்குத் திருத்தம் அனுப்பினேன். அதில் உங்கள் மேல் போடவில்லை. சரிபார்க்காமல் நம்பியது நான்; நூலில் சாயமே ஏறவில்லை என்பதைக்கூடப் பார்க்கவில்லை. எழுதியது இது: இந்தச் சோதனை என் தந்தை சாமுவேல் வீட்டில், குடிநீரில் செய்தது, பட்டறை விவரங்கள் அன்றைக்கு நடந்தவை அல்ல, பிழைக்கு நான் பொறுப்பு. அதைப் படித்தவர்கள் உணவுக்கூடத்தில் என்னோடு உட்காருவதில்லை. பரவாயில்லை என்று எழுத வந்தேன். அது பொய்யாகிவிடும்.

சார் என்னை வெளியே அனுப்பவில்லை. உண்மையான பட்டறையில் மறுபடி செய்து, தடை எவ்வளவு மாறினாலும் மாறியபடியே கொண்டுவா, அப்புறம் பேசலாம் என்றார். ஈரோட்டில் ஒரு இடம் ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். நான் முதலில் அப்பாவைக் கேட்கிறேன் என்றேன்.

இதோடு புதுப் பெட்டி வருகிறது. அந்த வாசலுக்குப் போக மனசில்லை என்றால் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். நான் எதுவும் நினைக்க மாட்டேன். ஆவணியில் வருகிறேன். கண் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்துவிட்டேன்.

சுகாசினி


பிள்ளையார்பாளையம்
2-8-2024

மகள் சுகாசினிக்கு,

பெட்டியைப் பிரித்துவிட்டேன். பிரித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் பட்டறைத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அம்சாதான் கடையிலிருந்து கத்தினாள்: "டெய்லியும் முனை வரிக்கும் போய்ட்டு வர்றியே மாமா, இன்னா, தேர் இழுக்கிறியா?" அன்றைக்கு உள்ளே போனேன்.

தினகரன் வாசலில் நின்றான். "இன்னா பெரியவரே, ரெஸ்ட் எடுக்கச் சொன்னா இங்க வந்து நின்னுக்கினு இருக்கீங்க?" என்றான். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கணக்கில் இருந்தார். வேலைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. உங்கள் அண்டாவில் போட்டேன் என்று போடாத வில்லையைப் பெண்ணுக்கு அனுப்பினேன், உங்கள் பட்டறைப் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன், அவள் அங்கே தலைகுனிந்து நிற்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி கணக்கு நோட்டைத் தள்ளிவைத்தார். "நூல் சிட்டத்தைத் தொடக் கூடாது சாமுவேலு. உன் வில்லைய நூல்ல கட்டித் தொங்கவுட்டுட்டு ஒதுங்கி நில்லு. நிறம் சரியா தப்பான்னு வாயத் திறக்கக் கூடாது" என்றார். சரி என்றேன்.

ஒதுங்கி நின்றேன். கண்ணாயிரம் கிண்டுகிற இடம் நான் நின்ற இடம். அவன் கோலைப் புரட்டும்போது என் தோள் தானாக அசைந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான். "இன்னாண்ணே, குயம்புக்கா வேகவெக்கிறே, எனுக்கும் ஒரு கிண்ணம் குடு" என்றான். இதை அவன் உண்மையாகவே சொன்னான். முன்பு எழுதிய பல் கிண்டல் மாதிரி இல்லை.

சோப்பு சோடாவில் போட்டது, சாயத்தில் போட்டது என்று தனித்தனி நூல். எது எந்த அண்டா என்று கண்ணாயிரத்தைக் கேட்டு, அவன் சொன்னதை அம்சா எழுதினாள். அம்சாவும் கூட வந்து கால் கடுக்க நின்றாள். நான் நினைவிலிருந்து ஒரு வரியும் சொல்லவில்லை. ஒரு நாள் போகவில்லை, காய்ச்சல். தாளில் அந்த நாளுக்குப் போகவில்லை என்றே இருக்கிறது.

வில்லைகள் இத்தோடு வருகின்றன. பார்த்தால் உனக்கு வருத்தமாக இருக்கும். கறுப்புப் பட்டை சொரசொரப்பாகிவிட்டது. தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டுகிறது. வெள்ளி முனை மங்கிவிட்டது. துடைக்கத் துண்டை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

கடைசி நாள் அண்டாவில் இருந்த சாயம் வில்லையின் ஓரத்திலும் கட்டிய நூலிலும் ஏறியிருக்கிறது. எனக்கு அது காய்ந்த புகையிலை மாதிரித் தெரிந்தது. நான் அதைச் சொல்லவில்லை. வாசல் வெளிச்சத்தில் வைத்து அம்சாவைப் பார்க்கச் சொன்னேன்.

மாம்பழ மஞ்சள் என்கிறாள். அதையே எழுதச் சொன்னேன்.

அப்பா